பேச விரும்பாத போரில் இறந்தவரை யார் நினைக்கிறார்கள்?

சென்னை பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில், பயிற்சி முடித்த இளைஞர்களும் பெண்களும் அணிவகுத்து அதிகாரிகளாக வெளியே வரும் திடலுக்குப் பரமேஸ்வரன் திடல் என்று பெயர். சாலிகிராமத்தில், ஆற்காடு சாலையில், ராணுவத்தினருக்காகக் கட்டிய குடியிருப்பு ஒன்று பரமேஸ்வரன் விகார். 2023 ஜனவரி 23 அன்று அந்தமானில் பெயரில்லாமல் இருந்த 21 தீவுகளுக்கு 21 பரம்வீர் சக்ரா வீரர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். அதில் ஒரு தீவும் பரமேஸ்வரன் பெயரைப் பெற்றது.

திடல், குடியிருப்பு, தீவு. ஒரு சிப்பாய்க்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் தமிழ்நாட்டில் பத்துப் பேரை நிறுத்தி மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் யார் என்று கேட்டால், எத்தனை பேர் பதில் சொல்வார்கள் என்பது சந்தேகம்தான். மேஜர் முகுந்த் வரதராஜனைத் தெரியும். கார்கிலில் இறந்த மேஜர் சரவணனைத் திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். ஊரில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதைப் பெற்ற தமிழரான பரமேஸ்வரனை மட்டும் ஏன் தெரியவில்லை? தனி மனிதரின் வீரத்தில் குறை இருந்து இப்படி ஆகவில்லை. 1987இல் இலங்கையில் அவர் இறந்த போர் அப்படிப்பட்டது. நாடு எந்தப் போரைப் பேச விரும்புகிறதோ அந்தப் போரில் இறந்தவரைத்தான் ஊர் கூடி நினைக்கிறது. பேச விரும்பாத போரில் இறந்தவரின் நினைவு வேறு சிலரின் கைக்குப் போய்விடுகிறது. அந்த வேறு சிலர் யார் யார் என்று தேடிப் பார்த்தால் விடை கொஞ்சம் வியப்பாகவே இருக்கிறது.

முதலில் அவரைப் பற்றி. 1946 செப்டம்பர் 13 அன்று பம்பாயில் பிறந்தவர். அங்கேயே எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியில் பட்டம் பெற்றார். 1971இல் சென்னைப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து 1972 ஜூனில் மஹார் ரெஜிமென்டில் அதிகாரி ஆனார். கூட இருந்தவர்களுக்கு அவர் 'பாரி சாஹிப்'. 1987இல் இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குப் போனபோது 8ஆவது மஹார் பட்டாலியனோடு அவரும் போனார்.

1987 நவம்பர் 25 இரவு நடந்ததை அவரது விருதுப் பத்திரம் சுருக்கமாகச் சொல்கிறது. யாழ்ப்பாணப் பகுதியில் தேடுதல் வேட்டை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த அவரது அணியைப் புலிகள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். பரமேஸ்வரன் சுற்றிக்கொண்டு போய் அவர்களைப் பின்புறமிருந்து தாக்கினார். கைகலப்பு அளவுக்கு நெருங்கிய சண்டையில் ஒருவர் அவரை நெஞ்சில் சுட்டார். சுட்டவரின் துப்பாக்கியையே பிடுங்கி அவரைச் சுட்டு வீழ்த்தினார் பரமேஸ்வரன். உயிர் போகும் வரை தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். புலிகள் தரப்பில் ஐந்து பேர் இறந்தார்கள். மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் லாஞ்சர்களும் கைப்பற்றப்பட்டன. அப்போது அவருக்கு வயது 41. இந்தியப் படை இலங்கையில் இருந்த முப்பத்திரண்டு மாதங்களில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர் இவர்தான்.

சுட்டவர், சுடப்பட்டவர் இருவருமே தமிழ் பேசியவர்கள். இந்தக் கதையைத் தமிழ்நாட்டில் யாராலும் எளிதாகச் சொல்ல முடியாமல் போனதற்கு இந்த ஒரு விஷயமே பாதிக் காரணம்.

மீதிப் பாதி அரசியல். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த நாளே அணிவகுப்பு மரியாதையில் ஒரு சிங்களக் கடற்படைச் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவை அடித்தார். தெற்கின் மனநிலை அப்படி. வடக்கிலோ வந்திறங்கிய இந்தியப் படைக்கு மாலை போட்டார்கள். அந்த மாலை வாடுவதற்கு அதிக நாள் ஆகவில்லை. செப்டம்பர் 26இல் உண்ணாவிரதமிருந்த புலிகள் இயக்கத்துத் திலீபன் இறந்தார். அக்டோபர் 5இல், இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுப் பலாலியில் வைக்கப்பட்டிருந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட புலிகள் 12 பேர் சயனைடு கடித்து இறந்தார்கள். அக்டோபர் 10 வாக்கில் போர் வெடித்துவிட்டது. காப்பாற்றப் போன படை, யாரைக் காப்பாற்றப் போனதோ அவர்கள் ஊரிலேயே தெருத் தெருவாகச் சண்டை போட வேண்டி வந்தது. ஆபரேஷன் பவன் என்று அதற்குப் பெயர்.

தொடக்கத்திலேயே அடி பலமாக விழுந்தது. அக்டோபர் 11-12 இரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் புலிகளின் தலைமையைப் பிடிக்க ஹெலிகாப்டர்களில் ஆட்களை இறக்கினார்கள். திட்டம் முன்கூட்டியே தெரிந்து புலிகள் காத்திருந்தார்கள். பாரா கமாண்டோக்களோடு இறங்கிய சீக்கிய இலகு காலாட்படை வீரர்கள் முப்பது பேர். அடுத்த அலை இறங்க முடியாமல் போனதால் அவர்கள் தனித்து மாட்டிக்கொண்டார்கள். 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். அந்த முப்பது பேர் கடைசி வரை எப்படிச் சண்டை போட்டார்கள் என்பது அந்த ஒருவர் உயிரோடு திரும்பியதால்தான் தெரிய வந்தது.

இது போர் நினைவின் அடிப்படையான ஒரு சிக்கல். வீர விருதுக்குப் பத்திரம் எழுத வேண்டும். அதற்குப் பார்த்தவர் ஒருவராவது பிழைத்திருக்க வேண்டும். 1962 நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் 13ஆவது குமாவோன் பட்டாலியனைச் சேர்ந்த சுமார் 120 பேர் சீனப் படையை எதிர்த்து நின்றார்கள். 114 பேர் இறந்தார்கள். பிழைத்து வந்த சிலர் சொன்னதை முதலில் பலர் நம்பவில்லை. மூன்று மாதம் கழித்துப் பனி இளகத் தொடங்கியபோது ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். பதுங்கு குழியில் துப்பாக்கியோடு, கையெறி குண்டோடு, ஊசி போட்டுக்கொண்டிருந்த நிலையில் மருத்துவ உதவியாளர் என்று உறைந்து கிடந்த உடல்களே சாட்சி சொல்லின. பனி இல்லாத இடத்தில், எல்லோரும் இறந்துபோன சண்டையில், யார் என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். எனவே விருதுப் பட்டியலை வீரத்தின் முழுப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சாட்சி கிடைத்த வீரத்தின் பட்டியல் என்றால் சரியாக இருக்கும். பரமேஸ்வரனுக்குச் சாட்சிகள் இருந்தார்கள்.

சரி, படை திரும்பி வந்த கதை. 1989இல் அதிபர் பிரேமதாசா இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று கெடு வைத்தார். டெல்லியிலும் ஆட்சி மாறியது. 1990 மார்ச் 24 அன்று கடைசித் துருப்புகள் திரிகோணமலையிலிருந்து கப்பல் ஏறின. சென்னைத் துறைமுகத்தில் வரவேற்பு. மாநில முதல்வர் கருணாநிதி அதற்குப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. அன்றைக்கு அதைக் கண்டித்தவர்களும் உண்டு, கைதட்டியவர்களும் உண்டு. எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றை மறுக்க முடியாது: சுமார் 1,200 பேரைப் பறிகொடுத்து வந்த ஒரு படைக்கு, அதில் தமிழ்நாட்டு ஆட்களும் இருந்தார்கள், மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன்களும் இருந்தன, எந்தப் பொது இடத்தில் துக்கம் கேட்பது என்பதே தெரியாமல் போயிற்று. வெற்றி என்று சொல்லிக்கொள்ள ஒரு தேதி கிடையாது. சட்டப்படி அது போர்கூடக் கிடையாது. ஓராண்டு கழித்து, 1991 மே 21 அன்று, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். இலங்கைப் பிரச்சினையைப் பற்றிய இந்தியாவின் நினைவு முழுவதும் அந்த ஒரு மரணத்தின் மேல் குவிந்தது. பின்னாலிருந்த 1,200 மரணங்கள் மறைந்துபோயின.

இதோடு 1999ஐ ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கார்கில் போரில் இந்தியா இழந்தது 527 பேரை. எண்ணிக்கையில் இலங்கையில் இறந்தவர்களில் பாதிக்கும் குறைவு. ஆனால் அந்தப் போர் தனியார் தொலைக்காட்சிகளில் தினமும் ஓடியது. அதைவிட முக்கியம், உடல்கள் வீட்டுக்கு வந்தன. முந்தைய போர்களில் இறந்தவர்களைப் பெரும்பாலும் போர்முனைக்கு அருகிலேயே எரித்துவிடுவார்கள். வீட்டுக்கு வருவது தந்தியும் அவருடைய சாமான்களும்தான். கார்கிலில் மூவர்ணக்கொடி போர்த்திய பெட்டி விமானத்தில் வந்து, வண்டியில் ஏறி, பேருந்தே அதிகம் போகாத கிராமங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. கலெக்டர் வந்தார், அமைச்சர் வந்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அந்த ஒரு நாளில் இறந்தவர் ஊரின் சொத்தாகிவிட்டார். சிலை, தெருப்பெயர், ஆண்டுதோறும் மாலை எல்லாம் அந்த நாளிலிருந்து கிளைத்தவை. மேஜர் சரவணன் 1999 மே 29 அன்று பட்டாலிக் பகுதியில் இறந்தார். உடலை மீட்க ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. அத்தனை நாள் தமிழ்நாடு காத்திருந்தது என்பதாலேயே அவர் திருச்சியின் நினைவில் நின்றார் என்று நினைக்கிறேன்.

அதாவது, நினைவு என்பது மனசு சம்பந்தப்பட்டது என்று நாம் சொல்லிக்கொண்டாலும், அது பெருமளவு போக்குவரத்து சம்பந்தப்பட்டது. உடல் வந்ததா, எப்போது வந்தது, யார் வாங்கினார்கள்?

நாடு நினைக்காதபோது முதலில் நினைப்பது ரெஜிமென்ட். இந்திய ராணுவத்தில் இது கிட்டத்தட்ட ஒரு குலவழக்கம் போல. பட்டாலியனின் வரலாற்றில் ஒருவர் பெயர் ஏறிவிட்டால், புதிதாகச் சேரும் பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். போர் வென்றதா தோற்றதா, நியாயமா தப்பா என்பது அந்தக் கணக்கில் வராது. பக்கத்தில் நின்றவனை விட்டு ஓடாமல் இருந்தானா என்பதுதான் கணக்கு. பரங்கிமலைத் திடலுக்குப் பரமேஸ்வரன் பெயர் வந்ததும் இப்படித்தான் புரிகிறது: அவர் அங்கே படித்தவர். அரசியல்வாதிகள் திறந்து வைக்கும் சிலைகளைவிட இந்த வகை நினைவு உறுதியானது. ஆனால் சுற்றுச்சுவருக்குள்ளேயே இருந்துவிடுகிறது.

மஹார் ரெஜிமென்ட் என்பதால் இங்கே ஒரு சிறு விலகல். அந்த ரெஜிமென்டின் பழைய சின்னத்தில் கோரேகாவ் நினைவுத்தூண் இருந்தது. 1818 ஜனவரி 1 அன்று பீமா ஆற்றங்கரையில் மராட்டிய ஆட்சியாளரான பேஷ்வாவின் படையோடு மோதிய கிழக்கிந்தியக் கம்பெனி, தன் தரப்பில் இறந்தவர்களுக்கு எழுப்பிய தூண் அது. கம்பெனிக்கு அது வெற்றிச் சின்னம். தூணில் பொறித்த 49 பெயர்களில் 22, ஒடுக்கப்பட்ட சாதியினரான மஹார்களுடையவை. 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போனார். அதற்குப் பிறகு அந்தத் தூண், சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள் பேஷ்வாக்களின் ஆட்சியை எதிர்த்து நின்றதன் அடையாளமாக மாறியது. இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். கம்பெனி காணாமல் போய்விட்டது, பேஷ்வாவும் போய்விட்டார், பெயர்கள் மட்டும் புதிய பொருளோடு நிற்கின்றன. நினைவுக்கல்லை நட்டவருக்கு அதன் மேல் நிரந்தர உரிமை கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவதாக நினைத்தது யார்? இலங்கை.

கொழும்பை ஒட்டிய ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில், நாடாளுமன்றம் இருக்கும் பகுதியில், இந்திய அமைதி காக்கும் படைக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. கறுப்புக் கல்லில் சுமார் 1,200 பெயர்கள். 2008இல் கட்டி முடித்தார்கள். டெல்லியில் இந்தியா கேட் அருகே தேசியப் போர் நினைவகம் திறந்தது 2019 பிப்ரவரி 25 அன்று. இலங்கையில் இறந்த இந்தியச் சிப்பாய்களின் பெயர்களை இந்தியத் தலைநகர் கல்லில் பொறிப்பதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே, அவர்களை வெளியே போ என்று சொன்ன நாடு பொறித்துவிட்டது. 2015இலும் 2025இலும் இலங்கை போன பிரதமர் மோடி அங்கே மலர்வளையம் வைத்தார்.

இதைக் கேட்டு நெகிழ்ந்துபோகலாம். ஆனால் கொஞ்சம் நிதானமாகவும் பார்க்கலாம். 2008 எந்த ஆண்டு? வன்னியில் இறுதிப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு. புலிகளோடு சண்டையிட்டு இந்தியச் சிப்பாய்களும் இறந்தார்கள் என்பதைக் கல்லில் காட்டுவது கொழும்புக்குப் பல வகையில் வசதி. எந்த அரசும் வெறும் இரக்கத்தால் மட்டும் கல் நடுவதில்லை. அதே அரசு, வடக்கிலும் கிழக்கிலும் இறந்த புலிகளைப் புதைத்த துயிலும் இல்லங்களைப் புல்டோசர் வைத்துத் தரைமட்டமாக்கியது. யாழ்ப்பாணம் கோப்பாயில் துயிலும் இல்லம் இருந்த இடத்தின் மேலேயே 51ஆவது டிவிஷன் தலைமையகத்தைக் கட்டி 2011இல் திறந்தது. இந்தியச் சிப்பாய்க்குக் கல் உண்டு, தன் நாட்டுக் குடிமக்களின் பிள்ளைகளுக்குக் கல் கிடையாது. அவர்கள் எந்த இயக்கத்தில் இருந்தார்கள், அந்த இயக்கம் என்னென்ன செய்தது என்ற கேள்விகள் நியாயமானவை. அதில் கட்டாயமாகப் பிடித்துச் சேர்க்கப்பட்ட சிறுவர்களும் அடக்கம் என்பதும் உண்மை. ஆனால் ஒரு தாய் விளக்கேற்ற இடமில்லாமல் செய்வது அந்தக் கேள்விகளுக்கு விடை ஆகாது.

சொல்லப்போனால், யாழ்ப்பாணத்தின் நாட்காட்டியில் இந்த நினைவுகள் எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. அக்டோபர் 21, யாழ் போதனா மருத்துவமனை. 1987இல் தீபாவளி நாளன்று அங்கே நுழைந்த இந்தியப் படையினர் சுட்டதில் மருத்துவர்கள், செவிலியர்கள் உள்ளிட்ட ஊழியர்கள் 21 பேரும் நோயாளிகளுமாக 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மோதலில் நேர்ந்தது என்றது இந்தியத் தரப்பு. பிழைத்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. மருத்துவமனை ஊழியர்கள் ஆண்டுதோறும் தங்கள் சக ஊழியர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். ஐந்து வாரம் கழித்து நவம்பர் 25, பரமேஸ்வரன் இறந்த நாள். அதற்கு இரண்டு நாள் கழித்து நவம்பர் 27, மாவீரர் நாள். 1982இல் அதே தேதியில் இறந்த சங்கர்தான் புலிகள் இயக்கத்தின் முதல் களப்பலி என்பதால் 1989இலிருந்து அந்த நாளை அனுசரிக்கிறார்கள். கிழக்கில் மட்டக்களப்பு நாவலடியில் அன்னை பூபதியின் நினைவிடம் இருக்கிறது. இந்தியப் படைக்கு எதிராக உண்ணாவிரதமிருந்து 1988 ஏப்ரல் 19 அன்று இறந்தவர் அவர்.

பரமேஸ்வரனை நினைக்க வேண்டும் என்று சொல்பவர்கள் மருத்துவமனையைப் பற்றிப் பேச மாட்டார்கள். மருத்துவமனையைப் பற்றிப் பேசுபவர்களுக்குப் பரமேஸ்வரன் ஆக்கிரமிப்புப் படையின் ஓர் அதிகாரி, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஒருவர் மற்றவரின் மரணத்தைச் சொல்வதையே தன் மரணத்தை மறுப்பதாக எடுத்துக்கொள்கிறது. ஒரு சிப்பாயை நினைப்பதற்கு அவரை அனுப்பிய அரசின் முடிவுகளை நியாயப்படுத்த வேண்டியதில்லை. அவர் சார்ந்த படை செய்ததை மூடி மறைக்கவும் வேண்டியதில்லை. சொல்வது சுலபம் என்று தெரியும். நடைமுறையில் இதைச் சாதித்த இடங்கள் குறைவு.

அமெரிக்கா ஒரு முறை சாதித்தது. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களை அந்த நாடும் சரியாக வரவேற்கவில்லை. போர் தோல்வி, அதற்கு எதிராக நாட்டிலேயே பெரும் போராட்டம். கடைசியில் முன்னாள் சிப்பாய்கள் தாங்களே நன்கொடை திரட்டி, வாஷிங்டனில் 1982 நவம்பரில் ஒரு சுவர் எழுப்பினார்கள். அதை வடிவமைத்தபோது மாயா லின் 21 வயதுக் கல்லூரி மாணவி. வளாகத்தில் சிலை, கொடி எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தன; அவரது வடிவமைப்பில் இருந்தது கறுப்புக் கல்லும் 58,000 அளவில் பெயர்களும்தான். பெயர்களை அகர வரிசையிலோ பதவி வரிசையிலோ போடாமல் இறந்த தேதி வரிசையில் போட்டார். ஒரே சண்டையில் இறந்தவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். அந்தப் போர் சரியா தப்பா என்று சுவர் எதுவும் சொல்லவில்லை. முதலில் அதை அவமானச் சின்னம் என்று திட்டியவர்கள் உண்டு. பிற்பாடு போரை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் ஒரே சுவரில் விரல் வைத்துப் பெயர் தேடினார்கள். வியட்நாமியர் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். சுவர் பாதி வேலையைத்தான் செய்தது.

சோவியத் ரஷ்யா இதற்கு நேர் எதிர். ஆப்கானிஸ்தானில் 1979 முதல் 1989 வரை சுமார் 15,000 சிப்பாய்கள் இறந்தார்கள். துத்தநாகப் பெட்டியில் அடைத்து, திறக்கக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். பல ஆண்டுகள் வரை கல்லறையில் எங்கே இறந்தார் என்று எழுத விடவில்லை. கடமையை நிறைவேற்றும்போது இறந்தார் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எதிரி கையில் நினைவு பத்திரமாக இருந்த இன்னொரு கதையும் உண்டு. 1982இல் ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் போரிட்டன. தோற்ற அர்ஜென்டினா ராணுவ ஆட்சி தன் சிப்பாய்களின் உடல்களைப் பற்றி அக்கறைப்படவில்லை. அவர்கள் சொந்த நாட்டு மண்ணில்தான் இருக்கிறார்கள், அங்கேயே இருக்கட்டும் என்றது. மறு ஆண்டு ஜெஃப்ரி கார்டோசோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி, சதுப்பிலும் பாறையிலும் கிடந்தவர்களைத் தேடி எடுத்து டார்வின் என்ற இடத்தில் அடக்கம் செய்தார். யாரென்று தெரியாதவர்களை மூன்று உறையில் போட்டு, எங்கே கிடைத்தார், உடம்பில் என்ன இருந்தது என்று அழியாத மையில் குறித்து வைத்தார். கல்லில் கடவுளுக்கு மட்டுமே தெரிந்த அர்ஜென்டினா சிப்பாய் என்று எழுதினார்கள். 25 ஆண்டு கழித்து, முன்னாள் அர்ஜென்டினா சிப்பாய் ஹூலியோ ஆரோ லண்டன் வந்தபோது கார்டோசோ அந்தக் குறிப்புகளை அவரிடம் கொடுத்தார். அதை வைத்து 2017இல் செஞ்சிலுவைச் சங்கம் 121 கல்லறைகளைத் தோண்டி டி.என்.ஏ. பார்த்தது. 100க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. தன் படையைக் கொல்ல வந்தவனுக்காக இத்தனை சிரமம் எடுத்துக்கொண்ட கார்டோசோவிடம் அரசியல் கணக்கு எதுவும் இல்லை. வெறும் ஒழுங்கு, கொஞ்சம் மனிதத்தன்மை. கொழும்புக் கல்லையும் இதையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நமக்கு இது புதிதும் கிடையாது. செங்கம் பகுதி நடுகற்களில் ஆநிரை கவரப் போய் இறந்தவனுக்கும் கல் இருக்கிறது, கவர்ந்த ஆநிரையை மீட்கப் போய் இறந்தவனுக்கும் கல் இருக்கிறது. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்ப் பூசல், யாருடைய சேவகன், பெயர் என்ன, பட்டான் என்று முடிந்துவிடும் கல்வெட்டு. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று கல் நடும் படிகளை ஆறாகச் சொல்கிறது. அந்தக் காலத்தை இலட்சியமாக்க வேண்டியதில்லை. மாடு திருடப் போய்ச் செத்ததையும் வீரம் என்ற காலம் அது. இருந்தாலும் பூசல் யார் பக்கம் நியாயம் என்பதைக் கல்லில் எழுதாமல் விட்ட அந்தக் கச்சிதம் கவனிக்கத்தக்கது.

டெல்லி தேசிய நினைவகத்தை வடிவமைத்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன். நான்கு வட்டங்களில் ஒன்றான தியாகச் சக்கரத்தில், ஒரு வீரருக்கு ஒரு கல் என்று கிரானைட்டில் பெயர், பதவி, படைப்பிரிவு மட்டும் பொறித்திருக்கிறார்கள். திறந்தபோது 25,942 பெயர்கள். 1962, 1971, இலங்கை, கார்கில் எல்லாம் ஒரே அளவுக் கல். தோற்ற போருக்குச் சின்ன எழுத்து, வென்ற போருக்குப் பெரிய எழுத்து என்ற பேச்சு கிடையாது. பரமேஸ்வரனுக்கு அங்கே மார்பளவுச் சிலையும் இருக்கிறது, மற்ற 20 பரம்வீர் சக்ரா வீரர்களின் சிலைகளோடு. அதற்கு முன்பும் பின்பும் நீண்ட காலம் இலங்கைப் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர்கள் தாங்களாகவே கூடி மலர்வளையம் வைத்து வந்தார்கள். தங்களுக்கும் கார்கில் வெற்றி நாளைப் போல அரசு அறிவித்த ஒரு நாள் வேண்டும் என்பது அவர்களுடைய பழைய கோரிக்கை.

நாள் குறிப்பது அரசின் வேலை. ஆனால் இந்த விஷயத்தில் தமிழில் செய்ய வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. தளபதிகள் ஆங்கிலத்தில் நினைவுக்குறிப்புகள் எழுதிவிட்டார்கள். ஈழத்துத் தரப்பில் அந்த ஆண்டுகளைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்டில் ஜவானாகப் போய், தன் மொழி பேசுகிற ஊரில், புரிகிற வசவையும் புரிகிற அழுகையையும் கேட்டுக்கொண்டு துப்பாக்கியோடு நின்ற தர்மபுரிக்காரரோ தேனிக்காரரோ சொன்னது நம்மிடம் மிகக் குறைவு. அன்றைக்கு இருபது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபதை நெருங்குகிறது, சிலருக்குத் தாண்டிவிட்டது. வங்கியிலோ ஏ.டி.எம். வாசலிலோ காவலாளியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் அவர்களில் பலர். யாழ்ப்பாணத்தில் அதே தெருவில் கதவுக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் வயதாகிறது. இருவரிடமும் கேட்டுப் பதிவு செய்ய ஒரு கைபேசி போதும்.